சூளை சரிந்தும் சோராத வாத்தியார்
(புக்கர் டி. வாஷிங்டன் வாழ்க்கைக் கதை)



ஆண்டு மலருக்கு ஒரு பெரியவருடைய வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். நம்ம நாட்டுத் தலைவர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கீங்க. அதனால் நான் கடல் தாண்டி அமெரிக்காவில் வாழ்ந்த ஒருவரை எடுத்துக்கொண்டேன். அவர் பெயர் புக்கர் டி. வாஷிங்டன். அந்த நாட்டு முதல் ஜனாதிபதி வாஷிங்டன் வேற, இவர் வேற. இவர் அடிமையாகப் பிறந்த கறுப்பினத்தவர். ஒரு பெரிய தொழில் பள்ளிக்கூடத்தைக் கட்டி எழுப்பினார். 1915-ல் இறந்துபோனார். தன் கதையை அவரே எழுதி 1901-ல் புத்தகமாக வந்தது.

இவரை ஏன் எடுத்தேன் என்றால், நம்ம குழுக் கூட்டங்களில் அடிக்கடி வருகிற ஒரு கேள்விக்கு இவர் வாழ்க்கையில் பதில் இருக்கு. பயிற்சி இருக்குன்னு கூப்பிடறாங்க, போறோம். டீ, மதியச் சாப்பாடு, கடைசி நாள் ஒரு குரூப் போட்டோ, கையில் ஒரு சர்டிபிகேட். அதுக்கப்புறம்? சர்டிபிகேட் பீரோவில் இருக்கு, நாம பழையபடி கூலி வேலைக்குத்தான் போறோம். ஒரே தெருவில் பத்துப் பேருக்குத் தையல் தெரிந்தால் யாருக்கு யார் ஜாக்கெட் தைப்பது? பயிற்சி ஒரு பக்கம், பிழைப்பு ஒரு பக்கமா நிற்குது. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுக் காட்டியவர்தான் வாஷிங்டன்.

பிறப்பும் பிள்ளைப் பருவமும்

1856-ஆம் வருஷம் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு பண்ணையில் பிறந்தார். அம்மா பெயர் ஜேன். அந்தப் பண்ணைக்குச் சமையல் செய்கிற அடிமைப் பெண். அப்பா யாரென்று இவருக்குத் தெரியாது. மரக்கட்டை அடுக்கிக் கட்டிய ஒரே அறைதான் வீடு. அதுதான் பண்ணைக்கும் சமையல்கட்டு. மண் தரை. கட்டில் கிடையாது, கந்தல் துணிகளைக் குவித்து அதன்மேல் பிள்ளைகள் படுத்துக்கொள்ளும். குடும்பமா எல்லாரும் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்ட ஞாபகமே தனக்கு இல்லை என்று பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அடிமைப் பிள்ளைகளுக்கு முரட்டு நாரில் நெய்த சட்டை கொடுப்பார்களாம். புதுசாகப் போட்டால் உடம்பெல்லாம் முள் குத்துகிற மாதிரி இருக்கும். இவருடைய அண்ணன் ஜான், தம்பியின் புதுச் சட்டையை முதலில் தான் சில நாள் போட்டு, அது கொஞ்சம் மிருதுவான பிறகு தம்பிக்குக் கொடுப்பாராம். இந்த இடத்தைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இல்லாத வீட்டில்தான் இப்படி அன்பு இருக்கும்.

1865-ல் அங்கே உள்நாட்டுச் சண்டை முடிந்து அடிமைகளுக்கு விடுதலை வந்தது. பண்ணைக்காரர் வீட்டு முன்னாடி எல்லாரையும் நிற்கவைத்து அந்த அறிவிப்பைப் படித்தார்கள். அம்மா குனிந்து பிள்ளைகளை முத்தமிட்டு அழுதார்.

விடுதலை வந்தது, சோறு வரவில்லை. மாற்றாந் தந்தை மேற்கு வர்ஜீனியாவில் மால்டன் என்ற ஊரில் உப்புக் காய்ச்சும் ஆலையில் இருந்தார். அங்கே நெடுந்தூரம் பெரும்பாலும் நடந்தே போய்ச் சேர்ந்தார்கள். போனதும் சிறுவனும் ஆலை வேலைக்கு. அப்பாவுக்கு உரிய உப்புப் பீப்பாய்களில் 18 என்ற எண்ணைப் போடுவார்கள். தினமும் அதைப் பார்த்துப் பார்த்து, வாழ்க்கையில் முதன்முதலாகப் படிக்கக் கற்றது அந்த 18-தான். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா எங்கேயோ தேடி ஒரு எழுத்துப் பாடப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்தார்.

பள்ளிக்கூடம் வந்தபோது மற்றப் பிள்ளைகள் தலையில் கடைத் தொப்பி இருந்தது. வாங்கப் பணமில்லை. கடன் வாங்கித் தொப்பி வாங்காமல், வீட்டில் இருந்த முரட்டுத் துணியில் இரண்டு துண்டை வெட்டி அம்மாவே தைத்துக் கொடுத்தார். வாத்தியார் பெயர் கேட்டபோது மற்றவர்களுக்கு எல்லாம் இரண்டு பெயர் இருந்தது, இவருக்கு புக்கர் என்ற ஒன்றுதான். அந்த நிமிஷத்தில் தானே வாஷிங்டன் என்று சேர்த்துச் சொல்லிக்கொண்டாராம்!

கூட்டிய தரையே பரீட்சை

அப்புறம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. சுரங்கத்தின் இருட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டதைக் கேட்டார். ஹாம்ப்டன் என்ற ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கு, கையில் பணம் இல்லாவிட்டாலும் வேலை செய்துகொண்டே படிக்கலாம், தொழிலும் கற்றுக்கொடுப்பார்கள் என்று. அன்றிலிருந்து அதே நினைப்பு.

சுரங்க முதலாளி வீட்டில் ரஃப்னர் அம்மா என்ற வெள்ளைக்காரப் பெண்மணியிடம் வேலைக்குச் சேர்ந்தார். மாதம் 5 டாலர் சம்பளம். ரொம்பக் கண்டிப்பானவர் என்று எந்தப் பையனும் அங்கே நிலைக்கவில்லை. இவர் நிலைத்தார். ஒரு வேலையைத் தூசி இல்லாமல், ஒழுங்காக, சொன்ன நேரத்துக்குச் செய்வதை அந்த வீட்டில்தான் கற்றார். நாம வீட்டு வேலையை வேலையாவே எண்ணுவதில்லை. அதுவும் ஒரு பயிற்சிதான் என்று இவர் கதை சொல்லுது.

1872-ல் ஹாம்ப்டனுக்குக் கிளம்பினார். வயது பதினாறு இருக்கும். வழி 500 மைல். ஊரில் இருந்த வயசானவர்கள் ஆளுக்கு ஒரு காசு, ஒரு கைக்குட்டை என்று கொடுத்து வழியனுப்பினார்கள். நடந்தும் வண்டியில் இடம் கேட்டும் ரிச்மண்ட் நகரம் வரை வந்தபோது பணம் தீர்ந்துவிட்டது. மரப்பலகை நடைபாதைக்கு அடியில் படுத்துத் தூங்கினார். பகலில் கப்பலில் இருந்து இரும்பு இறக்கிக் கூலி வாங்கினார். ஹாம்ப்டன் போய்ச் சேர்ந்தபோது கையில் அரை டாலர்தான் மிச்சம்.

அழுக்குச் சட்டையோடு வந்த பையனைச் சேர்ப்பதா வேண்டாமா என்று தலைமை ஆசிரியை மேக்கி அம்மா யோசித்தார். கடைசியில் பக்கத்து அறையைக் கூட்டச் சொன்னார். இவர் மூன்று தடவை கூட்டினார், நான்கு தடவை தூசி துடைத்தார். ஆசிரியை கைக்குட்டையை எடுத்து மரச் சட்டங்களில் தேய்த்துப் பார்த்தார். ஒரு பொட்டுத் தூசி இல்லை. அதுதான் இவருடைய பரீட்சை, பாஸ்! பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. அதைச் செய்துகொண்டே படித்து 1875-ல் தேறினார்.

கட்டடம் இல்லாத பள்ளிக்கூடம்

அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி ஒரு சின்ன ஊர். அங்கே கறுப்பின மக்களுக்கு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களில் ஒருவர் லூயிஸ் ஆடம்ஸ். அவரும் முன்னாள் அடிமை. தகர வேலை, செருப்பு வேலை, குதிரைச் சேண வேலை மூன்றும் தெரிந்த தொழிலாளி. அரசாங்கம் வருஷத்துக்கு 2,000 டாலர் ஒதுக்கியது. ஆனால் அது ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டும். இடமும் இல்லை, கட்டடமும் இல்லை. நம்ம திட்டங்களிலும் சில நேரம் இப்படித்தானே, ஒண்ணுக்கு ஒதுக்கியிருப்பாங்க, இன்னொண்ணுக்கு இருக்காது.

ஹாம்ப்டன் தலைவர் ஆர்ம்ஸ்ட்ராங் இவரை அனுப்பிவைத்தார். 1881 ஜூலை 4-ஆம் தேதி ஒரு தேவாலயத்துப் பக்கத்தில் இருந்த ஓட்டைக் கொட்டகையில் 30 மாணவர்களோடு பள்ளி ஆரம்பித்தது. இவருக்கு வயது 25. மழை வந்தால் ஒரு மாணவர் எழுந்து வந்து வாத்தியார் தலைக்கு மேலே குடை பிடிப்பார், மற்றவர்களுக்குப் பாடம் நடக்கும்.

பள்ளி திறப்பதற்கு முன்னாடி இவர் செய்த ஒரு வேலைதான் மற்ற எல்லாவற்றுக்கும் அடித்தளம் என்று நான் நினைக்கிறேன். ஒரு மாசம் அந்த வட்டாரக் கிராமங்களை எல்லாம் வண்டி கட்டிக்கொண்டு சுற்றினார். ஜனங்களோடு சாப்பிட்டார், அவர்கள் வீட்டிலேயே படுத்தார். அவர் பார்த்தது இது: எங்கே பார்த்தாலும் பருத்தி, வீட்டு வாசற்படி வரைக்கும் பருத்தி. ஒரு கீரைப் பாத்தி இல்லை. சாப்பிடப் பன்றிக் கொழுப்பும் மக்காச்சோள ரொட்டியும், அதையும் டவுன் கடையில் அதிக விலைக்குக் கடன் வாங்கித்தான். பயிர் விளைவதற்கு முன்னாலேயே பயிர்மேல் கடன். ஒரு வீட்டில் தவணையில் வாங்கிய 60 டாலர் ஆர்கன் வாத்தியம் இருக்கு, சாப்பிட உட்கார்ந்த ஐந்து பேருக்கு முள்கரண்டி ஒன்றுதான் இருக்கு. வேற வீடுகளில் தவணைக்கு வாங்கிய தையல் மெஷின், சுவர்க் கடிகாரம், மணி பார்க்கத் தெரிந்தவர்கள் இல்லை.

தவணைக்காரர் வாசலில் வந்து நிற்பது நமக்கும் தெரியாத விஷயமா?

இன்னொரு காட்சி. உயர்நிலைப் பள்ளிக்குப் போன ஒரு இளைஞர் ஒற்றை அறைக் குடிசையில் உட்கார்ந்து பிரெஞ்சு இலக்கணம் படித்துக்கொண்டிருந்தார். சட்டையில் எண்ணெய்க் கறை, சுற்றிலும் குப்பை, வாசலில் களைக்காடு. படிப்பு தப்பில்லை. ஆனால் அந்தப் படிப்புக்கும் அந்த வீட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அப்போதே வாஷிங்டன் முடிவு செய்தார். இந்த மண்ணில் என்ன விளையும், இந்த ஜனங்களுக்கு என்ன தேவை, எதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று பார்த்துத்தான் சொல்லிக்கொடுக்கணும். எழுத்தும் வேணும், தொழிலும் வேணும்.

ஆறு முட்டையும் ஒரு கோழிக் கொட்டகையும்

ஊருக்கு ஒரு மைல் தள்ளி 100 ஏக்கர் பாழடைந்த பண்ணை விலைக்கு வந்தது. விலை 500 டாலர். பாதி முன்பணம், பாதி ஒரு வருஷத்துக்குள். கையில் ஒன்றும் இல்லை. ஹாம்ப்டன் பொருளாளர் மார்ஷல் என்பவர் தன் சொந்தப் பணத்தில் 250 டாலர் கடன் கொடுத்தார்.

இந்தக் கடனை அடைத்த கதைதான் நம்ம பெண்கள் கதை. ஒலிவியா டேவிட்சன் என்ற ஆசிரியை அங்கே வந்து சேர்ந்திருந்தார். அவர் வீடு வீடாகப் போனார், வெள்ளைக்காரர் வீடு, கறுப்பினத்தவர் வீடு என்று பார்க்கவில்லை. ஒரு வீட்டில் கேக், ஒரு வீட்டில் கோழி, ஒரு வீட்டில் ரொட்டி என்று நன்கொடையாக வாங்கி, விருந்து நடத்தி, அதை விற்றுக் காசாக்கினார். மூன்றே மாசத்தில் கடன் அடைந்தது. இன்னும் இரண்டு மாசத்தில் மீதி 250-ம் சேர்ந்து பத்திரம் பள்ளியின் பெயருக்கு வந்தது.

ஒரு நாள் எழுபது வயசுப் பாட்டி ஒருவர் தடி ஊன்றிக்கொண்டு வந்தார். கந்தல் உடுத்தியிருந்தாலும் சுத்தமாக இருந்தார். வாழ்நாளெல்லாம் அடிமையாகக் கழித்தவர். என்னிடம் பணமில்லை, சேர்த்து வைத்த இந்த ஆறு முட்டையை இந்தப் பிள்ளைகளின் படிப்புக்குப் போடுங்கள் என்று கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பெரிய பணக்காரர்கள் எவ்வளவோ கொடுத்தார்கள். ஆனால் அந்த ஆறு முட்டை தன் மனசைத் தொட்ட மாதிரி வேற எதுவும் தொடவில்லை என்று வாஷிங்டன் எழுதியிருக்கிறார்.

பண்ணையில் இருந்த குதிரைக் கொட்டகையும் கோழிக் கொட்டகையும் வகுப்பறை ஆயின. காடு திருத்த வேண்டியிருந்தது. படிக்க வந்த பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை. படிச்சவன் மண்வெட்டி பிடிப்பானா என்ற எண்ணம். வாஷிங்டன் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் பள்ளி முடிந்ததும் கோடாரியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். வாத்தியாரே போகிறாரே என்று பிள்ளைகளும் பின்னால் போனார்கள். 20 ஏக்கர் திருந்தியது, விதைப்பு நடந்தது.

மூன்று சூளை

இப்போது செங்கல் கதைக்கு வருகிறேன். நான் இந்தக் கட்டுரை எழுதியதே இதைச் சொல்லத்தான்.

கட்டடத்துக்குச் செங்கல் வேணும். டஸ்கீகி ஊரில் செங்கல் சூளை கிடையாது. வீடு கட்டுகிற எல்லாருக்கும் செங்கல் தேவை. நல்ல களிமண் தேடிப் பிடிக்கணும், ஆள் பள்ளியிலேயே இருக்கு. வாஷிங்டன் கணக்குப் போட்டார்: நமக்கும் ஆச்சு, ஊருக்கும் விற்கலாம், பிள்ளைகளுக்கும் ஒரு தொழில் கைவரும்.

ஆனால் யாருக்கும் அனுபவம் இல்லை. முழங்கால் அளவு சேற்றில் மணிக்கணக்கா நிற்கணும். பல பிள்ளைகள் பள்ளியை விட்டே போய்விட்டார்கள். களிமண்ணுக்குப் பல இடம் தோண்டிப் பார்த்து, 25,000 கல் அறுத்துக் காயவைத்து, சூளை அடுக்கி மூட்டினார்கள். சூளை சரியாக அமையவில்லை, கல் வேகவில்லை. முதல் நஷ்டம். இரண்டாவது சூளையும் போச்சு. மூன்றாவது சூளை நன்றாக எரிந்தது. ஒரு வாரம் ஆகும் வேலை, முடிகிற நேரத்தில் ஒரு நடுராத்திரியில் சூளை பொத்தென்று சரிந்து விழுந்தது.

கையில் ஒரு டாலர் இல்லை. கூட இருந்த ஆசிரியர்களே விட்டுவிடலாம் என்றார்கள். வாஷிங்டனிடம் ஒரு பழைய கைக்கடிகாரம் இருந்தது, சட்டைப்பையில் வைத்துக்கொள்கிற மாதிரி. அதை மான்ட்கோமரி நகரத்துக்கு எடுத்துப் போய் 15 டாலருக்கு அடகு வைத்தார். அந்தப் பணத்தில் நான்காவது சூளை. இந்தத் தடவை கல் சிவந்து வெந்து வந்தது. அடகு வைத்த கடிகாரத்தை மீட்கவே முடியவில்லை, கெடு தாண்டிவிட்டது. அதைப் பற்றி அவர் வருத்தப்படவும் இல்லை.

பிற்காலத்தில் ஒரு பருவத்துக்கு 12 லட்சம் கல் அந்த மாணவர்கள் கையால் வந்தது. எந்தச் சந்தையிலும் விலை போகிற தரம். பள்ளிக்கூடத்தைப் பிடிக்காத வெள்ளைக்காரர்களும் கல் வாங்க அங்கேதான் வந்தார்கள். கல் வாங்க வந்தவர்கள் பேச்சுக் கொடுத்தார்கள், பழக்கம் ஆனது, கொடுக்கல் வாங்கல் நடந்தது. அந்தக் கறுப்பினப் பிள்ளைகள் படிப்பது தங்களுக்கும் லாபம் என்று ஊருக்குப் புரிந்தது. அங்கே கற்ற இளைஞர்கள் தென் மாநிலங்களில் பல ஊருக்குப் போய்ச் சூளை போட்டுப் பிழைத்தார்கள்.

ஒன்றிலிருந்து ஒன்றாக

செங்கலைப் போலவே மற்றத் தொழில்களும் தேவையில் இருந்துதான் பிறந்தன. விடுதிப் பிள்ளைகளுக்குப் படுக்க மெத்தை இல்லை. பெரிய துணிப் பைகளைத் தைத்து, காட்டில் கிடந்த பைன் மரச் சருகை அடைத்து மெத்தை செய்தார்கள். முதலில் கட்டிகட்டியாக இருந்ததாம். பிறகு மெத்தை தயாரிப்பது பெண் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் முறையான தொழிலே ஆகிவிட்டது. வண்டி வேணும் என்று வண்டி செய்தார்கள், ஊராருக்கும் செய்து கொடுத்தார்கள், ரிப்பேர் பார்த்தார்கள். தச்சு, கொல்லு, துணி வெளுப்பு, தையல், பால் பண்ணை என்று சுமார் முப்பது தொழில் வந்தது. இருபது வருஷத்தில் 40 கட்டடம் எழுந்தது. அதில் நான்கைத் தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் மாணவர்கள் கட்டியதுதான்.

பணமே இல்லாதவர்களுக்கு இரவுப் பள்ளி வைத்தார். பகலில் பத்து மணி நேரம் ஒரு தொழிலில் வேலை, இரவில் இரண்டு மணி நேரம் படிப்பு. அவர்கள் சம்பாத்தியத்தில் சாப்பாட்டுச் செலவு போக மீதி பள்ளிப் பொருளாளரிடம் சேமிப்பா ஏறும். அதை வைத்து அப்புறம் பகல் பள்ளியில் சேருவார்கள். ஆரம்பத்தில் வந்தவர்கள் ஒரு டஜன் பேர்தான், பிறகு நூற்றுக்கணக்கில் ஆனார்கள். சேமிப்பு, வேலை, படிப்பு மூன்றும் ஒரே நோட்டில்!

வேளாண்மை சொல்லிக்கொடுக்க 1896-ல் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்ற விஞ்ஞானியை அழைத்து வந்தார். அவரும் அடிமையாகப் பிறந்தவர். பருத்தியே போட்டுப் போட்டுச் செத்துப்போன மண்ணில் தட்டைப்பயறு, நிலக்கடலை, சர்க்கரைவள்ளி போடச் சொன்னார் கார்வர். மண்ணும் தேறியது, வீட்டில் சாப்பாடும் ஆனது. டஸ்கீகியில் படித்த ஒருவர், அக்கம்பக்கத்தில் ஏக்கருக்குச் சராசரி 49 மரக்கூடை சர்க்கரைவள்ளி விளைகிற இடத்தில் 266 கூடை எடுத்துக் காட்டினார். வெள்ளைக்கார விவசாயிகளே வந்து எப்படி என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

பள்ளிக்கூடம் மதிலோடு நிற்கவில்லை. 1892-ல் விவசாயிகள் மாநாடு தொடங்கியது. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஜனம் வந்தது. மேடைப் பேச்சு வேண்டாம், பயிர்க் கடன் எப்படி ஏறுது, எப்படி இறக்குவது, சொந்த நிலம் எப்படி வாங்குவது என்று அவரவர் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்றார். அவர் மனைவி மார்கரெட் முர்ரே வாஷிங்டன், சனிக்கிழமை சந்தைக்கு வரும் கிராமத்துப் பெண்களைக் கூட்டி வைத்துத் தாய்மார் கூட்டம் நடத்தினார். வீட்டுச் சுத்தம், பிள்ளை வளர்ப்பு, துணி தைப்பது, கையில் வரும் காசைச் சேர்ப்பது எல்லாம் பேசுவார்கள். நம்ம குழுக் கூட்டத்துக்கு அக்கா மாதிரி அது.

வர முடியாதவர்களுக்காக 1906-ல் கோவேறு கழுதை பூட்டிய ஒரு வண்டியே பள்ளிக்கூடம் ஆனது. கலப்பை, விதை, வெண்ணெய் கடையும் கருவி எல்லாம் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய், அவர்கள் நிலத்திலேயே செய்து காட்டினார்கள். 1900-ல் கறுப்பின வியாபாரிகளுக்கு நாடு தழுவிய ஒரு சங்கமும் ஆரம்பித்தார். தொழில் கற்றவனுக்கு வாங்குகிறவனும் விற்கிறவனும் தெரிந்திருக்கணும் இல்லையா?

அவர்மேல் வந்த குறை

இவரைப் பற்றி நல்லதை மட்டும் சொன்னால் சரியாகாது. அந்தக் காலத்தில் கறுப்பின மக்களின் ஓட்டுரிமையை மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பறித்தன. தனி ரயில் பெட்டி, தனிப் பள்ளி என்று ஒதுக்கின, கூட்டமாக வந்து அடித்துக் கொன்றார்கள். 1895-ல் அட்லாண்டா நகரத்தில் பேசிய வாஷிங்டன், முதலில் தொழிலில் காலூன்றுவோம், உரிமைப் போராட்டத்தை அவசரப்படுத்த வேண்டாம் என்கிற மாதிரிப் பேசினார். வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள். டுபாய்ஸ் என்ற கறுப்பின அறிஞர் 1903-ல் எழுதிய புத்தகத்தில் இதைக் கடுமையாகக் கண்டித்தார். ஓட்டும் உயர்படிப்பும் இல்லாமல் கைத்தொழில் மட்டும் எப்படி ஒரு மனுஷனைக் காப்பாற்றும் என்பது அவர் வாதம். ஓட்டுரிமை வழக்குகளுக்கு வாஷிங்டன் ரகசியமாகப் பணம் கொடுத்தது அவர் இறந்து பல வருஷம் கழித்து அவருடைய கடிதங்களில் இருந்து தெரிந்தது.

என் மனசுக்குப் படுவது, டுபாய்ஸ் சொன்னதிலும் நியாயம் இருக்கு. நம்ம பஞ்சாயத்தில் பெண்களுக்கு இடம் ஒதுக்கியதால்தான் சில விஷயமாவது நம்ம பேச்சுப்படி நடக்குது. கிராம சபையில் எழுந்து கேட்கிற வாயும் வேணும், வீட்டில் சம்பாதிக்கிற கையும் வேணும். ஒன்றை விட்டு ஒன்று நொண்டும்.

முடிவு

ஓயாமல் அலைந்து நிதி திரட்டியதில் உடம்பு கெட்டது. 1915 நவம்பரில் நியூயார்க்கில் படுத்துவிட்டார். பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர்கள் சொன்னதும், தன் மண்ணிலேயே சாகணும் என்று ரயிலேறி டஸ்கீகிக்கு வந்து சேர்ந்தார். வந்து சில மணி நேரத்தில், நவம்பர் 14-ஆம் தேதி உயிர் பிரிந்தது. வயது 59. பள்ளி வளாகத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். ஓட்டைக் கொட்டகையில் 30 பேரோடு ஆரம்பித்த பள்ளியில் அப்போது 100-க்கும் மேல் கட்டடம், ஏறக்குறைய 1,500 மாணவர்கள். இன்று அது ஒரு பல்கலைக்கழகம்.

நம்ம தீர்மான நோட்டுக்கு

அடுத்து ஒரு பயிற்சி வந்தால், யார் யார் போறீங்கன்னு பெயர் எழுதுவதற்கு முன்னால் கூட்டமைப்புக் கூட்டத்தில் நான்கு கேள்வி கேட்போம் என்பது என் கோரிக்கை.

ஒன்று, இந்தப் பொருளை அல்லது இந்த வேலையை நம்ம சுற்றுவட்டாரத்தில் இப்போது யார் காசு கொடுத்து வாங்குகிறார்கள்? அது எங்கிருந்து வருது? செங்கல் சூளை இல்லாத ஊரில் சூளை போட்ட மாதிரி, இல்லாததைத் தேடணும். நம்ம ஊரில் குழாய் உடைந்தாலும், கிணற்று மோட்டார் காயில் எரிந்தாலும், டவுனில் இருந்துதான் ஆள் வரணும். வர்ற வண்டிச் செலவும் நம்ம தலையில். அந்த வேலையைப் பெண்கள் கற்றால் என்ன?

இரண்டு, அதற்கு வேண்டிய மூலப்பொருள் நம்ம ஊரில் கிடைக்குதா? புளி, தேங்காய் மட்டை, பாக்கு மட்டை என்று நம்மிடம் சும்மா போகிறது எது?

மூன்று, ஏற்கெனவே எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்? பத்துப் பேர் இருக்கிற இடத்தில் பதினோராவது ஆளா நிற்கப் போறோமா?

நான்கு, பயிற்சி முடிந்த மறுநாள் முதல் ஆர்டர் யார் தருவார்கள்? பள்ளிக்கூடச் சீருடையா, கல்யாண மண்டபமா, அங்கன்வாடியா? நம்ம கூட்டமைப்பே முதல் வாடிக்கையாளரா நிற்க முடியுமா?

இந்த நான்குக்கும் பதில் இருந்தால் உள்கடன் துணிந்து கொடுக்கலாம். முதல் தடவை நஷ்டம் வந்தாலும் அந்தப் பெண்ணைக் குறை சொல்லி மூலையில் உட்கார வைக்கக் கூடாது. மூன்று சூளை சரிந்த பிறகுதான் நான்காவது வெந்தது. நாலாவது சூளைக்குப் பணம் கொடுக்க வாஷிங்டனிடம் ஒரு கடிகாரம் இருந்தது. நம்ம பெண்ணுக்கு நம்ம குழு இருக்கு.

நான் பத்தாவது வரை படித்தவள், எழுதிப் பழக்கமில்லை. அடுத்த கூட்டத்தில் இந்த நான்கு கேள்வியையும் ஊக்குநர் அக்கா சத்தமாகப் படிக்கணும், பதிலை நாம எல்லாரும் சேர்ந்து சொல்லணும்.

வளர்க நம் கூட்டமைப்பு!